யங் கையில் இருந்தது ஓர் அட்டைத் துண்டு

இரட்டைப் பிளவுச் சோதனை என்றதும் எல்லாருக்கும் அந்தப் படம்தான் ஞாபகம் வரும். ஒரு விளக்கு, இரண்டு கீறல் போட்ட தகடு, திரையில் வெளிச்சமும் இருட்டுமாக மாறி மாறிப் பட்டைகள். நானும் பி.இ. முதலாண்டு ரெக்கார்டில் வரைந்து மார்க் வாங்கியவன்தான்.

சமீபத்தில், தாமஸ் யங் 1803 நவம்பர் 24 அன்று லண்டன் ராயல் சொசைட்டியில் வாசித்த கட்டுரையைத் தேடிப் படித்தேன். அதில் இரட்டைப் பிளவே இல்லை! ஜன்னல் கதவில் ஓர் ஓட்டை, அதன்மேல் மெல்லிய ஊசியால் குத்திய தடித்த காகிதம். வெளியே ஒரு கண்ணாடியை வைத்து, சூரிய ஒளியை எதிர்ச்சுவரை நோக்கித் திருப்புகிறார். அந்தக் கற்றையின் நடுவே ஒரு அட்டைத் துண்டை நீட்டுகிறார். அகலம் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

அட்டையின் நிழலுக்குள்ளேயே பட்டைகள் விழுகின்றன. நட்ட நடுவில் எப்போதும் வெளிச்சம். நிழலோரப் பட்டைகள் ஒன்றும் புதுசு இல்லை. கிரிமால்டியின் நூல் 1665லேயே வந்துவிட்டது. யங் அடுத்து செய்ததுதான் விஷயம். அட்டையின் ஒரு பக்கமாக வரும் ஒளியை மட்டும் சின்னத் தடுப்பால் மறைக்கிறார். உள்பட்டைகள் மொத்தமும் காணோம்! மறுபக்க ஒளி முன்போலவே வந்துகொண்டுதான் இருக்கிறது. நாங்கள் புரோகிராமில் ஒரு வரியை கமெண்ட் பண்ணிப் பார்ப்போமே, அதே வேலை. ஒளித்துகளை விளிம்பு வளைத்துவிடுகிறது என்ற விளக்கம் சரியென்றால், அந்தப் பக்கத்துப் பட்டைகளாவது மிஞ்சியிருக்க வேண்டும். ஆக, இரண்டு ஒளியும் சேர்ந்தால்தான் நடுவே இருட்டு பிறக்கிறது.

பாராட்டு கிடைத்ததா? எடின்பரோ ரெவ்யூவில் ஹென்றி புரூம் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். யங் 1804ல் பதில் எழுதித் தனிப் பிரசுரமாகப் போட்டார். விற்றது ஒரே ஒரு பிரதி என்று அவரே சொல்லியிருக்கிறார், பாவம்.

இரண்டு துளைகள் வருவது அவருடைய 1807 விரிவுரை நூலில். அங்கே ஊசி, அட்டை மாதிரியான செய்முறை விவரமெல்லாம் கிடையாது, விளக்கம்தான். ஆனால் சிவப்பின் அலைநீளம் அங்குலத்தில் சுமார் 36,000ல் ஒரு பங்கு, ஊதாவுக்கு 60,000ல் ஒரு பங்கு என்கிறார். நானோமீட்டரில் சுமார் 700, 420. இன்றைய கணக்கோடு அப்படியே பொருந்துகிறது.

வீட்டில் லேசர் பாயிண்டர் முன்னால் ஒரு தலைமுடியை ஒட்டிப் பார்த்தேன். சுவரில் பட்டைகள் வரிசையாக வந்துவிட்டன. முடியின் ஒரு பக்கத்தை மட்டும் பிளேடால் மறைப்பதுதான் பெரும்பாடு. கை ஆடுது.