உபின் தீவு: வெடிச் சத்தம் ஓய்ந்த ஊர்

சிங்கப்பூரின் வடகிழக்குக் கரைக்கு அப்பால், ஜொகூர் நீரிணையில் கிடக்கும் கருங்கல் தீவு உபின். மலாயில் புலாவ் உபின். பரப்பளவு 10.2 சதுர கிலோமீட்டர். சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து பத்து நிமிடத்தில் போய்ச் சேரலாம். பலகைச் சுவரும் தகரக் கூரையுமாகக் கம்போங் எனும் கிராமத்து வீடுகள் இன்னும் நிற்கும் இடம். ஞாயிறு மாலையில் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தோளோடு தோள் உரசி நடந்து பழகியவர் இங்கே இறங்கினால், முதலில் அவரைத் தாக்குவது சத்தமின்மைதான். சேவல் கூவுகிறது, எங்கோ ஒரு மோட்டார் தடதடத்து அடங்குகிறது, வேறொன்றும் காதில் விழுவதில்லை.

அமைதியான பழைய ஊரைப் பார்க்க வேண்டும் என்று வருபவர்கள் உபினை என்றைக்குமே இப்படி இருந்த ஊராக நினைத்துக்கொள்கிறார்கள். அது பிழை. ஏறக்குறைய 150 ஆண்டுகள் பாறைக்கு வெடி வைத்த தீவு இது. கடைசிக் கல்குவாரி ஓய்ந்தது 1999இல். இன்று நாம் தேடிப் போகும் அமைதிக்கு வயது கால் நூற்றாண்டுதான் ஆகிறது. தொழில் போய், பள்ளிக்கூடம் போய், பிள்ளைகள் போன பிறகு மிஞ்சிய அமைதி அது. இந்தத் தீவின் வரலாற்றை அந்தக் கோணத்தில் படித்தால்தான் அதன் ஏரிகளும் மரங்களும் நமக்குப் புரியும்.

பெயரும் கதையும்

மலாய்க்காரர்கள் இதைப் புலாவ் பத்து ஜுபின், அதாவது கருங்கல் தீவு என்று அழைத்தார்கள். அதுவே சுருங்கி உபின் ஆனது. 1828இல் வெளியான வரைபடத்தில் ‘ஓபின்’ என்று காணப்படுகிறது.

தீவு பிறந்ததற்கு ஒரு மலாய்க் கதை உண்டு. சிங்கப்பூரிலிருந்து ஒரு தவளை, ஒரு பன்றி, ஒரு யானை மூன்றும் ஜொகூர்க் கரைக்கு நீந்திப் போட்டியிட்டன. கரை சேராதவை கல்லாகும் என்பது பந்தயம். மூன்றுமே சேரவில்லை. யானையும் பன்றியும் உபின் ஆயின. தவளை பக்கத்தில் செக்குடு தீவாக உட்கார்ந்துகொண்டது. மலாயில் செக்குடு என்றாலே தவளைதான். உபினை ஜெலுத்தோங் ஆறு இரண்டாகப் பிரிப்பதால் கதைக்கு இரண்டு விலங்குகள் பொருத்தமாக அமைந்துவிட்டன. 1990களின் தொடக்கத்தில் ஜொகூர்க் காட்டிலிருந்து ஒரு நிஜ யானை நீந்தி உபினில் கரையேறியது. அதைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். கதையில் தோற்ற யானை எதிர்த்திசையில் வென்றுவிட்டதாகத் தோன்றுகிறது.

கல்

1825ஆம் ஆண்டு உபினுக்கும் சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றுக்கும் ஒருசேர முக்கியமானது. அந்த ஏப்ரலில், சுமாத்திராவின் பென்கூலனில் தண்டனை அனுபவித்துவந்த சென்னை மாகாணக் கைதிகள் 80 பேர் கப்பலில் சிங்கப்பூர் வந்து இறங்கினார்கள். அடுத்து வங்காளக் கைதிகள் வந்தார்கள். நான்கு மாதம் கழித்து, ஆகஸ்டில், ஆங்கிலேய ரெசிடெண்ட் ஜான் கிராஃபர்ட் சிங்கப்பூரைச் சுற்றிக் கப்பலில் வந்து, உபினில் கொடி ஏற்றி, தீவைக் கிழக்கிந்தியக் கும்பினியின் உடைமை என்று அறிவித்தார்.

கைதிகளையும் கல்லையும் சேர்த்தவை கலங்கரை விளக்கங்கள். சிங்கப்பூருக்குக் கிழக்கே பெத்ரா பிராங்கா பாறையில் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தை 1850, 1851 ஆண்டுகளில் கட்டியவர் அரசு நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன். அலை ஓயாமல் அறையும் பாறையில் செங்கல் நிற்காது என்று கருங்கல்லைத் தேர்ந்தெடுத்தார். உபினில் சீனக் கல்தச்சர்கள் அந்தக் கல்லை வெட்டிச் செதுக்க, படகில் ஏற்றிக் கடல் கடத்தினார்கள். பெத்ரா பிராங்கா யாருக்கு என்று சிங்கப்பூரும் மலேசியாவும் வழக்காடி, 2008இல் அனைத்துலக நீதிமன்றம் சிங்கப்பூருக்குத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு முழுவதும் பாறைமேல் நின்றுகொண்டிருந்தது உபின் கல்.

அடுத்தது தென்மேற்கே ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம். 1854இல் அடிக்கல் நாட்டப்பட்டு அடுத்த ஆண்டு விளக்கேற்றப்பட்டது. கல் உபினுடையது, உழைப்பு இந்தியக் கைதிகளுடையது. அதே காலத்தில் கைதிகள் சிராங்கூன் சாலைப் பக்கத்துச் சூளைகளில் அரசுக்குச் செங்கல் சுட்டார்கள். செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை எழுப்பியதும் அவர்கள் கைகள்தாம். சிங்கப்பூரின் கைதிக் குடியிருப்பு 1873இல் மூடப்பட்டது. சிராங்கூன் சாலையைச் சுற்றி இன்று லிட்டில் இந்தியா என்று பயணிகள் படமெடுக்கும் தெருக்களின் செங்கல்லையும், ஆள் அரவமற்ற உபினின் கருங்கல்லையும் நகரமாக்கியதில் ஒரே கூட்டத்தின் வியர்வை கலந்திருக்கிறது. சுற்றுலாப் பலகைகள் இவ்விரண்டு இடங்களையும் சேர்த்துச் சொல்வதில்லை. சொல்லவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

தாம்சன் கல்லை வெட்டியதோடு நிற்கவில்லை. மழைநீர் நூற்றாண்டுக் கணக்கில் அரித்து, உடுக்கைப் பக்கங்கள்போல் ஆழ்ந்த வரிப்பள்ளங்கள் விழுந்த உபின் பாறைகளை 1850இல் ஓவியமாகவும் தீட்டினார். வேலைக்காக வந்தவர் வேடிக்கை பார்க்கவும் நின்றதற்குக் கிடைக்கும் பழைய சான்றுகளில் அது ஒன்று.

சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924இல் திறக்கப்பட்டது. அதற்குக் கொட்டிய கருங்கல்லில் ஒரு பகுதி உபினுடையது, மற்றது புக்கித் தீமாவுடையது. சுதந்திரத்துக்குப் பின் வீடமைப்பு வாரிய அடுக்குமாடிகள் எழுந்த காலத்திலும் குவாரிகளில் வேலை நடந்துகொண்டே இருந்தது. ஹொக்கியன், ஹக்கா சீனர்கள் கல்லுடைப்பில் பெரும்பான்மையினர். வெடி வைக்கும் நேரம் வந்தால் ஊரே அறியும்.

ஊர்

கல்லை நம்பி ஊர் வளர்ந்தது. 1880களில் காலாங் ஆற்றோரத்திலிருந்து எண்டுட் செனின் என்பவர் தம் மக்களுடன் வந்து மலாய்க் கம்போங்கை நிறுவினார். அவர் பெயர் இன்றும் ஒரு கூடார முகாமுக்கு இருக்கிறது. சீனர்கள் 1869இலேயே தோ பே கோங் கோயிலை எழுப்பியிருந்தார்கள். அதற்கெதிரே சீனக் கூத்துக்கான ஒரு நிரந்தர வயாங் மேடை நிற்கிறது. ஆண்டுத் திருவிழாவின்போது தீவை விட்டுப்போன குடும்பங்கள் படகு பிடித்துத் திரும்பி வருவது அங்கேதான். நம் ஊர்க் கொடைக்கு வெளியூரிலிருந்து பிள்ளைகள் வருவதைப்போல.

ரப்பர், காப்பி, தென்னை பயிரிட்டார்கள், இறால் குட்டை வெட்டினார்கள், கோழி வளர்த்தார்கள். இறால் குட்டைகளுக்குப் போட்ட கரைகள்தாம் தனித்தனித் திட்டுகளாகக் கிடந்த நிலத்தை ஒரே தீவாக ஒட்டின. இரண்டாம் உலகப்போரில், 1942 பிப்ரவரி 7 அன்று ஜப்பானியப் படை இங்கே இறங்கியது. தாக்குதல் வடகிழக்கிலிருந்து வருகிறது என்று ஆங்கிலேயரை நம்பவைக்கும் ஏமாற்று அது. உண்மைத் தாக்குதல் மறுநாள் இரவு வடமேற்கில் நடந்தது.

போருக்குப் பின் தீவில் சுமார் 2,000 பேர் வாழ்ந்தார்கள். 1952இல் கட்டப்பட்ட ‘பின் கியாங்’ பள்ளியில் ஒரு காலத்தில் சுமார் 400 பிள்ளைகள் படித்தார்கள். பிறகு குவாரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இளையவர்கள் வேலைக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் கரையேறினார்கள். பள்ளி 1985இல் மூடப்பட்டது, 2000இல் இடிக்கப்பட்டது. ஒரு கிராமம் எந்த ஆண்டில் ஓய்ந்தது என்று கேட்டால் குவாரி மூடிய ஆண்டைச் சொல்வார்கள். பள்ளிக்கூட மணி நின்ற ஆண்டைச் சொல்வதே சரி.

கன்னி

உபினுக்கு வருபவர்கள் பலரும் கேட்டுப் போகும் இடம் ஜெர்மன் பெண் கோயில். முதல் உலகப்போர் தொடங்கிய 1914இல், காப்பித் தோட்டம் நடத்திய ஜெர்மன் குடும்பத்தை ஆங்கிலேயர் பிடிக்க வந்தார்கள் என்றும், மகள் பயந்து ஓடிப் பள்ளத்தில் விழுந்து இறந்தாள் என்றும், குவாரித் தொழிலாளர்கள் எலும்புகளை எடுத்து வைத்துக் கும்பிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்குப் பின்னாளில் ஒரு பார்பி பொம்மை உருவமாக வைக்கப்பட்டது. வாசனைத் திரவியம், நகப்பூச்சு, கண்ணாடி, சீப்பு எல்லாம் காணிக்கை. லாட்டரி எண் கேட்டு வருபவர்களும் உண்டு.

வெளிநாட்டுப் பயணிக்கு இது விநோதம். தமிழருக்கு இதில் விநோதம் ஒன்றுமில்லை. அகாலத்தில் போன கன்னிப்பெண்ணைத் தெய்வமாக்கி, வளையலும் பாவாடையும் வைத்துக் கும்பிடும் வழக்கம் நெல்லைச் சீமையிலும் மதுரைப் பக்கத்திலும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்நியப் பிணத்துக்கு ஊதுபத்தி ஏற்றிய சீனக் கூலிகளின் மனசு நமக்கு எளிதில் புரியும்.

செக் ஜாவா

தீவின் கிழக்கு முனையில் சுமார் 100 ஹெக்டேர் கொண்ட ஈரநிலம் செக் ஜாவா. மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் வெளி, பவளச் சிதறல், அலையாத்திக் காடு, கரையோரக் காடு என ஆறு வகை வாழிடங்கள் ஒரே இடத்தில் கைகோத்து நிற்கின்றன. கடலை மண்ணிட்டு நிரப்பும் திட்டத்தில் இது மறைய இருந்தது. 2000இன் கடைசியில் ஒரு தாவரவியலாளர் இங்கே கண்டதை வெளியே சொன்னார். அதன்பின் வற்றம் வந்த நாட்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து பார்த்தார்கள். தன்னார்வலர்கள் இருந்த உயிரினங்களையெல்லாம் கணக்கெடுத்தார்கள். அரசுக்கு மனுக்கள் குவிந்தன. 2001 டிசம்பரில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இடம் தேவைப்படாதவரை நிரப்புவதில்லை என்பது அரசின் வாக்கு. நிலத்துக்கு ஏங்கும் நாட்டில், மக்கள் பார்வையாளர்களாகப் போனதாலேயே ஒரு கரை தப்பியது. இதுதான் என் மதிப்பில் உபின் வரலாற்றின் உயர்ந்த கட்டம்.

2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் ஜொகூரில் பெய்த பெருமழையின் நன்னீர் ஆற்றுவழி இறங்கியதில், உப்பு குறைந்து செக் ஜாவாவின் கடலுயிர்கள் கூட்டமாக மடிந்தன. மெல்லத் தேறின. 2007 ஜூலையில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பலகை நடைபாதை திறக்கப்பட்டது. முகப்பில் உள்ள ‘1ஆம் எண் வீடு’ 1930களில் தலைமை நில அளவையாளர் லாங்டன் வில்லியம்ஸ் விடுமுறைக்காகக் கட்டிய ஆங்கிலப் பாணி மாளிகை. வெயில் பிளக்கும் நிலநடுக்கோட்டு நாட்டில் அதற்குள் ஒரு கணப்படுப்பு இருக்கிறது.

வெடி நின்ற குவாரிகளில் மழைநீர் நிறைந்து ஏரிகளாயின. பெக்கான் குவாரி ஏரியில் நாரைகள் கூடு கட்டுகின்றன. சிங்கப்பூரில் நெடுங்காலம் காணாமற்போயிருந்த இருவாச்சிப் பறவை 1994இல் மறுபடி தென்பட்டது உபினில்தான். இன்று அது நகரத்துக் குடியிருப்பு மரங்களிலும் உட்காருகிறது.

1967இல் இங்கே அவுட்வர்ட் பௌண்ட் பள்ளி தொடங்கப்பட்டது. அதுமுதல் சிங்கப்பூர் மாணவர்களின் பல தலைமுறைகளுக்கு உபின் என்றால் முகாம், கயிறேற்றம், கொசுக்கடி. 2013இல் சில குடும்பங்களுக்கு வந்த ஓர் அறிவிப்பு, வெளியேற்றப்படுவோமோ என்ற அச்சத்தைக் கிளப்பியது. அந்த எண்ணம் இல்லை என்று அரசு விளக்கியது. அதே ஆண்டு படகுத்துறைப் பக்கத்துக் கடைகளுக்குச் சூரிய ஒளியும் சேர்ந்த சிறு மின்கட்டமைப்பு வந்தது. மற்ற வீடுகளில் டீசல் மோட்டாரும் கிணற்று நீரும்தான். 2014இல் தீவைப் பேணுவதற்கான உபின் திட்டம் தொடங்கி, ஆண்டுதோறும் உபின் நாள் கொண்டாடப்படுகிறது.

போகிறவருக்கு

லிட்டில் இந்தியாவிலிருந்து புறப்படுபவர் பூகிஸ் போய், அங்கிருந்து ரயிலில் தானா மேரா இறங்கி, 2ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜ் சேரலாம். பம்போட் படகுக்கு நேர அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும். சேராவிட்டால் இருப்பவர்கள் மீதிக் காசையும் பங்கிட்டுக் கொடுத்துக் கிளம்பலாம். கட்டணத்தைப் படகில் ரொக்கமாகத் தரவேண்டும். கரையில் வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும். பாதி நாள் போதும் என்று வருபவர்கள் செக் ஜாவாவை மட்டும் பார்த்துத் திரும்புகிறார்கள். முடிந்தால் பெக்கான் குவாரி ஓரம் சற்று நில்லுங்கள். வெட்டிய பாறைமுகம் ஏரிக்கு மேலே செங்குத்தாக நிற்கும். காட்டுப்பன்றிக்கும் குரங்குக்கும் தின்னக் கொடுக்காதீர்கள்.

கிராமத்துக் கடைக்காரர்களில் பலர் குவாரியைக் கண்டவர்கள். இளநீர் வாங்கிக்கொண்டு வெடிச் சத்தத்தைப் பற்றிக் கேட்டால் சொல்வார்கள். தீவில் நிரந்தரமாக வாழ்பவர்கள் இப்போது நாற்பது பேருக்கும் குறைவு, பெரும்பாலோர் முதியவர்கள். அவர்கள் இருக்கும்போதே போய் வாருங்கள்.