50,000 பேருக்கு வரைந்த ஊர்

மரக்காணம் உப்பளத்தில் தை பிறந்தால் 'ஆள் இல்லை' என்ற பேச்சும் கூடவே பிறந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூழ்கிக் கிடந்த பாத்திகளில் தண்ணீரை இறைத்து, சேற்றை வழித்து, தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உப்பு விளையும். மிதிக்கக் கால் வேண்டுமே? பையன்கள் கட்டட வேலைக்குச் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போய்விட்டார்கள். "வேலை கெடக்குது, ஆளத்தான் காணோம்" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டே வளர்ந்தவன் நான். அதனாலோ என்னவோ, இதே கரையில் தெற்கே முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போனால் வரும் இன்னோர் ஊரின் மேல் எனக்கு ஒரு தீராத ஆர்வம். அந்த ஊரும் 1968லிருந்து ஆளுக்காகக் காத்திருக்கிறது.

அது ஆரோவில். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது தங்க நிறக் கோளம், வாசனை ஊதுபத்தி, வெளிநாட்டு ரொட்டிக் கடை. நான் சொல்ல வந்தது வேறு. ஊர்கள் பொதுவாக ஆற்றங்கரையிலோ சந்தை கூடும் இடத்திலோ கோயிலைச் சுற்றியோ தானாக முளைக்கும். எத்தனை பேர் என்று யாரும் முன்கூட்டிக் கணக்குப் போடுவதில்லை. ஆரோவில்லுக்கு மட்டும் முதலில் கணக்கு பிறந்தது, பிறகு படம் பிறந்தது, அதற்குப் பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். கணக்கு, 50,000 பேர்.

கணக்கைச் சொன்னவர் அன்னை என்று அழைக்கப்படும் மிர்ரா அல்ஃபாசா. பாரிஸில் 1878ல் பிறந்து, புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தை நடத்தியவர். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஓர் இடம் வேண்டும் என்று 1954லேயே எழுதிவைத்தார். 1966ல் யுனெஸ்கோ பொதுமாநாடு ஆதரவுத் தீர்மானம் போட்டது. படம் வரையும் பொறுப்பு ரோஜர் ஆங்கெர் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞருக்கு வந்தது. 1968 பிப்ரவரி 28ம் தேதி, புதுச்சேரிக்கு வடக்கே வானூர்ப் பக்கத்துச் செம்மண் மேட்டில், தனியாக நின்ற ஓர் ஆலமரத்தை ஒட்டிய திடலில் சுமார் 5,000 பேர் கூடினார்கள். 124 நாடுகளின் மண்ணையும் இந்திய மாநிலங்களின் மண்ணையும் கைப்பிடி கைப்பிடியாகக் கொண்டுவந்து, தாமரை மொட்டு வடிவப் பளிங்குத் தாழியில் இட்டார்கள். அன்னைக்கு அப்போது வயது 90. அவர் நேரில் வரவில்லை. புதுச்சேரியில் தன் அறையிலிருந்து பிரெஞ்சில் சாசனத்தைப் படித்தார், வானொலி வழியே திடலில் குரல் கேட்டது.

ஆரோவில்லை ஒட்டிய எடையஞ்சாவடியில், ஒரு டீக்கடையில் ஒரு பெரியவர் அந்த நாளைப் பற்றிச் சொன்னார். "பஸ்ஸு பஸ்ஸா வந்து எறங்கினாங்க தம்பி. வெயிலுக்கு ஒதுங்க எடமே கெடையாது. அந்த ஆலமரத்த வுட்டா பனமரம்தான். பனமரத்து நெழல்ல எத்தினி பேரு நிக்க முடியும், நீயே சொல்லு?"

நிழல் இல்லாத அந்த மேட்டுக்குத்தான் ஆங்கெர் ஒரு நட்சத்திர மண்டலத்தை வரைந்திருந்தார். நடுவில், இன்று தங்க நிறக் கோளமாக நிற்கும் மாத்ரி மந்திர், அதைச் சுற்றி ஏரி, அதிலிருந்து சுருள் சுருளாகக் கிளம்பும் கைகள். அந்தக் கைகள் சில இடங்களில் வளைந்து வளைந்து உயரும் நீள அடுக்குமாடிகள். வீட்டுக்கு ஒரு பக்கம், தொழிலுக்கு ஒன்று, பண்பாட்டுக்கு ஒன்று, உலக நாடுகளுக்கு ஒன்று என நான்கு பகுதி. நகரின் குறுக்களவு 2.5 கிலோமீட்டர், அதைச் சுற்றி ஒன்றேகால் கிலோமீட்டர் அகலத்துக்குப் பசுமை வளையம். மேலிருந்து பார்த்தால் கண்ணைப் பறிக்கும் படம். ஆனால் அந்தப் படத்தை மேலிருந்து பார்க்கும் பாக்கியம் பருந்துக்குத்தான் உண்டு. தரையில் நின்றவர்களுக்கு மல்லாட்டைக் கொல்லையும் வரகுக் கொல்லையும் முந்திரிப் புதரும், மழை அறுத்த பள்ளங்களும்தான் தெரிந்தன.

இப்படிக் காகிதத்தில் பிறந்த நகரம் உலகில் இது ஒன்றுதான் என்பதில்லை. பிரேசில் நாடு உள்நாட்டுப் புல்வெளி மேட்டில் பிரசிலியாவைக் கட்டி 1960 ஏப்ரலில் திறந்தது. சுமார் 5 லட்சம் பேருக்கு என்று போட்ட கணக்கு அது. இன்று அந்தக் கூட்டாட்சி மாவட்டத்தில் 28 லட்சம் பேர். அங்கே ரகசியம் எதுவும் இல்லை. தலைநகரையே பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அரசு வேலை போனது, வேலைக்குப் பின்னால் ஜனம் போனது. நகரத்தைக் கட்டிய கூலிக்காரர்கள் படத்தில் இல்லாத புறநகர்களை அவர்களாகவே கட்டிக்கொண்டார்கள். ஆரோவில்லில் அரசு வேலை இல்லை, பெரிய ஆலை இல்லை, ரயில் இல்லை. ஒரு லட்சியம் இருந்தது. லட்சியத்துக்காக வருகிறவர்கள் எப்போதும் கொஞ்சம் பேர்தான்.

வந்த கொஞ்சம் பேரும் முதலில் கட்டியது வீட்டை அல்ல. கீற்றுக் குடிசை போட்டுக்கொண்டு மண்ணோடு மல்லுக்கு நின்றார்கள். அந்த மேடு கடல் மட்டத்திலிருந்து 50 மீட்டர்போல உயரம். ஒரு நல்ல மழை பெய்தால் செம்மண் கரைந்து ஓடிக் கடலே சிவந்துபோகும் என்று பொம்மையார்பாளையத்து மீனவர்கள் இன்றும் சொல்வார்கள். மழை அறுத்த அந்தச் செம்மண் பள்ளத்தாக்கு அங்கே இன்னும் இருக்கிறது, இப்போது அதில் கல்யாண ஜோடிகளை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள்.

மண் ஏன் அப்படி மொட்டையானது என்பதற்கு இரும்பை ஊரில் ஒரு கதை உண்டு. சம்பந்தர் பாடிய இரும்பை மாகாளம்தான் அது. பஞ்ச காலத்தில் தவம் இருந்த கடுவெளிச் சித்தரை ஒரு தாசியைக் கொண்டு எழுப்பினார்களாம். ஊர்த் திருவிழாவில் ஆடிய அவள் காற்சிலம்பு கழன்று விழ, சித்தர் அதை எடுத்து மாட்டிவிட்டாராம். ஊர் சிரித்தது. சித்தர் வெகுண்டு பாட, லிங்கம் வெடித்துச் சிதறியது, நிலம் பாலையானது. பின்னொரு நாள் தூர தேசத்திலிருந்து ஜனங்கள் வந்து இதைப் பச்சையாக்குவார்கள் என்றும் அவரே சொல்லிவைத்தாராம். இந்தக் கடைசி வரி பழையதா, 1968க்குப் பிறகு ஒட்டவைத்ததா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கோயில் குருக்களிடம் கேட்க மட்டும் துணிச்சல் வரவில்லை.

பச்சை வந்தது உண்மை. சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போட்டு, பள்ளங்களை அடைத்து, மழையை விழுந்த இடத்திலேயே நிறுத்தினார்கள். மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள். ஆடு மேயாமல் முள் வைத்தார்கள். குழி வெட்டியதும் தண்ணீர் சுமந்ததும் பெரும்பாலும் குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி, ஆலங்குப்பம் ஆட்கள், கூலிக்கு. முதலில் எந்த மண்ணிலும் பிடிக்கிற கத்திச்சவுக்கை நட்டார்கள். நிழல் கூடிய பிறகு இந்தக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களின் விதையைத் தேடினார்கள். அந்தக் காடு அப்போது எங்கே மிஞ்சியிருந்தது தெரியுமா? கோயில் காடுகளில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்திலிருந்து போகும்போது கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் வரும். சாலையில் நெருப்பாக வெயில் அடித்தாலும் அந்தத் தோப்புக்குள் கால் வைத்தால் பொழுது சாய்ந்த மாதிரி இருக்கும். கொடிகள் மரத்தை மரத்தோடு தைத்திருக்கும். ஐயனாருக்குப் பயந்து யாரும் குச்சி ஒடிக்காததால் பிழைத்த காடு அது. இதுபோன்ற காடுகள் இன்னும் சில இருந்தன.

இந்த மரங்களால் எங்களுக்கும் லாபம். மேட்டின் வடக்குச் சரிவு மழை கழுவெளி என்ற ஈரநிலத்துக்குத்தான் வருகிறது. கழுவெளி நிரம்பினால் உப்புக்கல்லி ஓடை வழியாக எடையன்திட்டு முகத்துவாரத்துக்கு, எங்கள் உப்பளத்து வாசலுக்கு. 2021ல் பறவைகள் சரணாலயமாகவும் 2024ல் ராம்சார் தலமாகவும் ஆன அதே கழுவெளி.

ஆக, 50,000 பேருக்கான நகரம் என்று தொடங்கிய இடத்தில் முதலில் உருவானது ஒரு காடு. வீடு பின்தங்கிவிட்டது. ஏன் என்று கேட்டால், அன்னை 1973ல் காலமானதும் யார் பொறுப்பு என்ற சண்டை வந்ததைச் சொல்வார்கள். 1980ல் மத்திய அரசு தலையிட்டுச் சட்டம் போட்டது, அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1982ல் முடிந்தது, 1988ல் ஆரோவில் பவுண்டேஷன் சட்டம் வந்தது. இதெல்லாம் சரிதான். ஆனால் முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்பது ஆரோவில்லின் அடிப்படை. அங்கே போய் வாழ நினைக்கும் ஒருவர் ஓராண்டுக் காலம் புதுமுகமாக இருந்து பார்க்க வேண்டும். வீட்டுக்குப் பணம் அவரே கொடுக்க வேண்டும். வீடு மட்டும் அவருடையது ஆகாது. விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. விட்டுப் போனால் விட்டதுதான். காலி மனை கிடைத்தால் நாலு செங்கல்லாவது அடுக்கி 'நம்ம இடம்' என்று சொல்லிக்கொள்ளும் நம் ஜனத்திடம் இதை விளக்கிப் பாருங்கள். என் மாமா ஒருவரிடம் விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பத்திரம் யார் பேர்ல மாப்ள?" என்றார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

இந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். மனை வியாபாரம் நுழையாததால்தான் அந்தக் காடு பிழைத்தது. ஆனால் சொந்தம் கிடையாது என்று சொல்கிற இடம், தங்கக் கூரையைத் தானே ஏற்பாடு செய்துதர வேண்டும் அல்லவா? பணம் உள்ளவரே கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டால், வருகிறவர்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது லட்சியம் அல்ல, பர்ஸ்தான். இளவயதுக்காரர்கள் வாசலோடு திரும்புவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

கட்டத் தெரியாதவர்களா என்றால், இல்லை. செங்கல்லைச் சுடாமல், செம்மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திக் கல் செய்யும் வித்தையை 1989லிருந்து அங்கே உள்ள மண் கட்டட நிறுவனம் உலகத்துக்கே சொல்லிக்கொடுக்கிறது. விகாஸ் என்ற குடியிருப்பில் நாலு மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. தரைத்தளத்தை மண்மட்டத்துக்குக் கீழே இறக்கத் தோண்டியபோது வந்த மண்ணிலேயே கல் அழுத்தி, சுவரும் வளைவுக் கூரையும் எழுப்பினார்கள். அதாவது குழியே வீடாக எழுந்து நிற்கிறது. 2000ல் உலக வாழ்விட விருதின் இறுதிச் சுற்று வரை போன குடியிருப்பு அது. கை தெரிந்தும் கூரை பெருகவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இதற்கிடையே படத்தில் இல்லாதவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஆரோவில்லில் கிடைத்த வேலையை நம்பியும், கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானதை நம்பியும் சுற்றுக் கிராமங்கள் பெருத்தன. குயிலாப்பாளையத்தில் இன்று மாடி இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 1990ல் கீழ்புத்துப்பட்டில், அதே ஐயனார் காட்டுக்குப் பக்கத்தில், இலங்கைத் தமிழர்களுக்கு முகாம் அமைத்தார்கள். சில மாதங்களுக்கு என்று போட்ட கொட்டகைகளில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. மாநிலம் முழுக்க இப்படிப்பட்ட முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாக அரசு அறிவித்தது 2021ல்தான். ஒரே சாலை. ஒருபுறம் வீடு வரைந்துவைத்து ஆளைத் தேடினார்கள். மறுபுறம் ஆள் வந்து 30 வருஷம் கழித்து வீட்டைப் பற்றி யோசித்தார்கள்.

ஆளை இழுக்கும் விஷயத்தில் நார்வே கூச்சப்படவில்லை. ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, மாதக்கணக்கில் சூரியனே தலைகாட்டாத ஃபின்மார்க் பகுதிக்கு ஆள் வர வேண்டும் என்று 1990ல் சலுகை கொடுத்தது. அங்கே வேலைக்குப் போனால் கல்விக் கடனில் ஆண்டுக்கு 10 விழுக்காடு தள்ளுபடி, ஒரு வரம்புக்குள். வருமான வரியும் குறைவு. அப்படியும் இளைஞர்கள் தெற்கே போவது நின்றபாடில்லை. கையில் காசைத் திணித்து இழுப்பதே அவ்வளவு கடினம் என்றால், வெறுங்கையோடு இழுப்பது எப்படி?

ஆரோவில் நிர்வாகம் 2021 டிசம்பரில் எடுத்த வழி சாலை. படத்தில் உள்ள வட்டச் சாலையை முதலில் போட்டால் நகரம் வரும், நகரம் வந்தால் ஆள் வரும் என்றார்கள். இளைஞர் மையத்திலும் மரங்களுக்குள்ளும் புல்டோசர் இறங்கியது. குடியிருப்பவர்களில் பலர் அதன் முன்னால் போய் நின்றார்கள். 2022 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. சட்டப்படி யார் சரி என்பது முடிந்த விஷயம். ஊர்க்காரனாக நான் கேட்பது ஒன்றுதான். சாலையில் யாரும் படுத்து உறங்க முடியாது. அந்த மும்முரத்தில் ஒரு பங்கை வாடகைக்கோ முன்பணத்துக்கோ சும்மா தங்கவோ கூரை போடுவதில் காட்டியிருந்தால் என்ன?

இன்று ஆரோவில்லில் சுமார் 60 நாடுகளைச் சேர்ந்த 3,300 பேர் இருக்கிறார்கள். போட்ட கணக்கில் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. ஊரை 50,000 பேருக்கு நிரப்பும் வழியைச் சொல்ல ஒரு முதன்மைத் திட்டம் தயாரித்து, 2001ல் ஒப்புதல் வாங்கி, 2010ல் அரசிதழிலும் வெளியிட்டார்கள். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே 2025 என்று ஓர் ஆண்டு இருக்கிறது. அந்த ஆண்டும் போய்விட்டது.