கிராஸ்மியர்: ஒரு பள்ளத்தாக்கின் அன்றாடம்

இங்கிலாந்தின் வடமேற்கில், மலைகளும் ஏரிகளும் செறிந்த பகுதியில் அமைந்த சிற்றூர் கிராஸ்மியர். 1799 டிசம்பர் 20 அன்று வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டோரதியும் அவ்வூரில், ஒரு காலத்தில் மதுச்சாலையாக இருந்த சிறு வீடொன்றில் குடியேறினர். அண்ணனின் கவிதையால் அப்பள்ளத்தாக்கு உலகப்புகழ் எய்தியது. ஆயின் அங்கு வாழ்ந்தோர் எவ்வாறு உழைத்தனர், கடன்பட்டனர், மாண்டனர் என்பதை அறிய விழைவோர் தங்கையின் நாட்குறிப்பையே நாடவேண்டும்.

1800 மே 14 அன்று வில்லியமும் மற்றொரு சகோதரரான ஜானும் யார்க்‌ஷயருக்குப் புறப்பட்டனர். அன்றே டோரதி எழுதத் தொடங்கினார். திரும்பிவரும் அண்ணன் படித்து மகிழவேண்டும் என்பதே அவர் நோக்கம். அச்சேற்றும் எண்ணம் சிறிதும் இல்லை. 1803 ஜனவரி வரை நீளும் அக்குறிப்பில் ரொட்டி சுட்டது, துணி வெளுத்தது, பட்டாணிக்குக் கொம்பு நட்டது, கடிதம் வந்ததா என்று ஆம்பிள்சைடுக்கு நடந்தது ஆகிய யாவும் உள்ளன. நிலவொளியும் ஏரிநீரும் அவற்றின் நடுவே தாமாக வந்து அமர்கின்றன. 1897இல் இதனைப் பதிப்பித்த வில்லியம் நைட், சட்டை தைத்தது, சுள்ளி பொறுக்கியது போன்ற செய்திகள் அற்பமானவை எனக் கருதிப் பலவற்றை நீக்கிவிட்டார். வரலாற்றுக்கு வேண்டியவற்றையே பதிப்பாசிரியர் குப்பையென ஒதுக்கிய விந்தை இது!

எழுதத் தொடங்கிய ஐந்தாம் நாளே முக்கியமான செய்தி ஒன்று பதிவாகிறது. வழியில் உடன்வந்த ஜான் ஃபிஷர் என்னும் அண்டைவீட்டார் காலம் மாறிவருவதைப் பேசுகிறார். சிறுநிலம் உடையோர் விற்கும் நிலைக்குத் தள்ளப்படுகின்றனர்; நிலமெல்லாம் ஒரே கையில் சேர்கிறது; இனிப் பெருஞ்செல்வர், பரம ஏழை என இரு வகுப்பினரே எஞ்சுவர் என்பது அவர் கணிப்பு. அதே ஆண்டு அக்டோபர் 11 அன்று அண்ணனும் தங்கையும் கிரீன்ஹெட் ஓடைக்கரையில் இடிந்து கிடந்த ஆட்டுக்கிடைச் சுவரைத் தேடிச் சென்றனர். நிலத்தையும் மகனையும் இழக்கும் இடையனைப் பாடும் ‘மைக்கேல்’ அப்பின்னணியில் பிறந்தது. அதனை உள்ளடக்கிய நூலை 1801 ஜனவரியில் அரசியல் தலைவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுக்கு அனுப்பிய கவிஞர், சிறுநில உடைமையோர் மறைந்துவருவதைக் கடிதத்தில் எடுத்துரைத்தார். ஜான் ஃபிஷரின் வழிப்பேச்சும் கவிஞரின் கடிதமும் சுட்டுவது ஒரே நோயைத்தான்.

1800 செப்டம்பர் 3ஆம் நாள் குறிப்பு இன்னும் நுட்பமானது. திருச்சபை வட்டத்தின் செலவில் அடக்கம் செய்யப்பட்ட ஏழைப் பெண்ணொருத்தியின் இறுதிச்சடங்கில் டோரதி கலந்துகொண்டார். வந்திருந்தோர் ஆண்கள் சுமார் பத்துப்பேர், பெண்கள் நால்வர். நெருங்கிய உறவினர் எவருமில்லை. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பார்லி மதுவும் பரிமாறப்பட்டன. பெட்டியைத் தூக்கி வெளியே வந்தபோது வெயில் ஒளிர்ந்தது. பள்ளத்தாக்கு என்றுமில்லாத அழகுடன் விளங்கியது. டோரதி கண்ணீர் உகுத்தார். அடுத்து வருவது பாதிரியாரைப் பற்றியது: முதல்நாள் அவரை அரைப்போதையில் மதுக்கடையில் கண்டதாக எழுதுகிறார். அது சந்தைக்கு மறுநாள் என்றும் மறவாமல் சேர்த்துக்கொள்கிறார். அழகும் அவலமும் எள்ளலும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றுக்காக மற்றொன்று மறைக்கப்படவில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் குறிப்பில் உடல் வளைந்த முதியவர் ஒருவர் வருகிறார். மருத்துவத்துக்கு அட்டை பிடித்து விற்றவர். முன்பு நூறு அட்டை 2 ஷில்லிங் 6 பென்ஸுக்கு விற்றது. அட்டை அருகிப்போனதால் விலை 30 ஷில்லிங்காகிவிட்டது. அவருக்கோ பிடிக்கும் வலிமையில்லை; இரந்துண்டு வாழ்கிறார். பத்துப் பிள்ளைகளில் ஒருவனே எஞ்சியுள்ளான். 1802இல் வில்லியம் இவரைப் பாடியபோது, தளராமல் அட்டை தேடியலையும் மனவுறுதியின் வடிவமாக்கினார். கவிதைக்கு அது பொருந்தும். அட்டையின் விலையை அறிய நாட்குறிப்பு வேண்டும்.

கவிஞர்கள் கருதத்தக்க நிகழ்ச்சி இன்னொன்றும் உண்டு. 1802 மார்ச் 13 அன்று, முன்பு பிச்சைகேட்டு வந்த நெடிய பெண்ணின் சிறுவனைப் பற்றித் தாம் எழுதியிருந்ததை டோரதி படித்துக் காட்டினார். அச்சொற்களிலிருந்து விடுபட இயலாமல், வில்லியம் கவிதையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் களைப்புடன் உறங்கச் சென்றார். மறுநாள்தான் அது முடிந்தது. புகழ்பெற்ற டாஃபடில் மலர்க் கவிதைக்கும் தங்கையின் 1802 ஏப்ரல் 15ஆம் நாள் குறிப்புக்கும் உள்ள உறவு பலரும் அறிந்ததே.

1808 மார்ச் 19 அன்று ஜார்ஜ் கிரீன், சாரா கிரீன் என்னும் தம்பதியர் லாங்டேலில் நடந்த ஏலத்துக்குச் சென்று, மலைவழியே திரும்புகையில் பனியில் சிக்கி மாண்டனர். வீட்டில் ஆறு குழந்தைகள் காத்திருந்தனர். மேலாடை ஒன்றை இரவல் கேட்டபோதுதான் பெற்றோர் திரும்பாத செய்தி ஊருக்குத் தெரிந்தது. அவர்களுடைய சிறுநிலம் ஏற்கெனவே முழு மதிப்புக்கும் அடகில் இருந்தது; ஆயினும் இறுதிவரை அதனை விற்க மனம் ஒப்பவில்லை. ஊரார் பிள்ளைகளைப் பகிர்ந்து வளர்க்க முன்வந்தனர். 500 பவுனுக்கு மேல் நிதி திரண்டது.

இவ்வரலாற்றை அண்ணனின் வேண்டுகோளின்படி டோரதி எழுதினார். அச்சிடும்படி நண்பர்கள் தூண்டியபோது 1810இல் மறுத்துவிட்டார். அப்பிள்ளைகள் ஊரார் கண்ணுக்குக் காட்சிப்பொருளாகிவிடக் கூடாது. முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து வேண்டுமானால் பார்க்கலாம் என்பது அவர் முடிவு. 1855இல் டோரதி காலமானார். அந்நூல் எர்னஸ்ட் டி செலின்கோர்ட் பதிப்பாக அச்சில் வந்தது 1936இல்தான். அன்று அப்பனியிரவில் காத்திருந்த குழந்தைகளுள் ஒருவரும் உயிருடன் இல்லை.