முயலகன் நோயும் வளர்ப்புப் பிள்ளையும்

குனோங் லேடாங் மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் தங்காக். ஒருகாலத்தில் அவ்வூரைச் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. அத்தகைய தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் வரலாற்றை எழுதியோர் கங்காணி முறையையும் கூலிப் போராட்டங்களையும் விரிவாக எழுதினர். லயத்து வீடுகளுக்குள் நிகழ்ந்த மற்றொரு வரலாறு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. பிறர் பெற்ற குழந்தையைத் தம் குழந்தையாக வளர்த்த வரலாறே அது.

வறுமையாலும், பெண் மகவை விரும்பாத வழக்கத்தாலும், 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியின் கொடுமையாலும் சீனக் குடும்பங்கள் பல தம் குழந்தைகளைப் பிறரிடம் ஒப்படைத்தன. மலாயாத் தமிழர் பலர் அக்குழந்தைகளை ஏற்றுத் தமிழ்ப் பெயர் சூட்டித் தமிழராகவே வளர்த்தனர். 1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இத்தகைய உறவுக்கு நீதிமன்ற வழியை வகுத்தது. குழந்தை தொடர்ந்து மூன்று மாதமேனும் வளர்ப்போரின் பராமரிப்பில் இருந்திருத்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று.

அவ்வாறு வந்த பிள்ளைக்கு வலிப்பு நோய் காணுமாயின் அந்த உறவு கடுஞ்சோதனைக்கு உள்ளாகிறது. ‘எந்த வயிற்றுப் பிள்ளையோ, என்ன சாபமோ’ என்னும் ஊரார் பேச்சு முதலில் எழும். இப்பேச்சின் வேரை அறிய நோயின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

வடமொழியில் இந்நோய்க்கு ‘அபஸ்மாரம்’ என்று பெயர். நினைவு நீங்குதல் என்பது அதன் பொருள். தமிழில் ‘முயலகன்’ எனப்பட்டது. ஆடல்வல்லானின் திருவடிக்கீழ்க் கிடப்பவனுக்கும் அதுவே பெயர். கொல்லி மழவன் என்னும் அரசன் முயலகன் நோயால் வருந்திய தன் மகளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துத் திருக்கோயிலில் கிடத்தியதையும், திருஞானசம்பந்தர் பதிகம் பாட அவள் நலம் பெற்று எழுந்ததையும் பெரியபுராணம் கூறுகிறது. அற்புதத்தை நம்புவோரும் நம்பாதோரும் அதில் ஒன்றைக் காணலாம்: அத்தந்தை மகளை மறைக்கவில்லை, ஊர் கூடும் இடத்துக்கே கொண்டுவந்தான்.

பிற்காலச் சமுதாயமோ மறைக்கக் கற்றது. தமிழில் ‘காக்கை வலிப்பு’ என்றனர். மலாய் வழக்கிலோ ‘பன்றிப் பைத்தியம்’ எனப் பொருள்படும் பெயர் நிலவியது. இந்தியாவில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இந்நோயை இந்துத் திருமணத்துக்குத் தடையாகவே வைத்தது. 1999இல்தான் அச்சொல் நீக்கப்பட்டது.

இதற்கிடையில் அறிவியல் வேறு பாதையில் நடந்தது. 1912இல் பீனோபார்பிட்டால் என்னும் மருந்தும், 1938இல் பெனிட்டோயின் என்னும் மருந்தும் வலிப்பைக் கட்டுப்படுத்துவதாக அறியப்பட்டன. மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்த முறையை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்டார். மூளை நரம்பணுக்களின் மின்னோட்டத்தில் ஏற்படும் திடீர்க் கலக்கமே வலிப்பு என்பது தெளிவாயிற்று. உரிய மருந்தை ஒழுங்காக உட்கொள்வோருள் நூற்றுக்கு எழுபதின்மர் வரை வலிப்பின்றி வாழலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

நினைவுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பும் புலனாயிற்று. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்னும் இளைஞருக்கு வலிப்பைத் தணிக்க அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. மூளையின் இருபுறத்தும் கடற்குதிரை வடிவில் அமைந்த பகுதியின் பெரும்பங்கு அகற்றப்பட்டது. வலிப்புக் குறைந்தது, ஆனால் புதிய நிகழ்ச்சி எதையும் மனத்தில் நிறுத்தும் ஆற்றல் அவரை விட்டு நீங்கியது. நினைவைப் பதிக்கும் இடம் அதுவென உலகம் அறிந்தது அவருடைய இழப்பினாலேயே. அப்பகுதியை ஒட்டி எழும் வலிப்பு உடையவர்க்கு நினைவு குன்றுதல் உண்டு. சில மருந்துகளும் கவனத்தை மந்தமாக்கும்.

நேற்றுப் படித்த பாடத்தை இன்று மறக்கும் பிள்ளை சோம்பேறியன்று என்பதை ஆசிரியர் உணர்தல் வேண்டும். சில நொடிகள் வெறித்து நோக்கிப் பின் தெளியும் மாணவனுக்கு நேர்வதும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். வகுப்பில் வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பதாலும் வாயில் கரண்டியை வைப்பதாலும் பயனில்லை. பின்னது தீங்கும் விளைக்கும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவ உதவி நாட வேண்டும்.

வளர்ப்புப் பெற்றோர்க்கு இன்னும் ஓர் இடர் உண்டு. பேறுகாலத்தில் இடர் நேர்ந்ததா, குழந்தைப் பருவத்தில் காய்ச்சலோடு வலிப்பு வந்ததா, குடும்பத்தில் வேறெவர்க்கேனும் இந்நோய் உண்டா என்று மருத்துவர் வினவுவார். பெற்ற தாய்க்கு எளிதான அவ்வினாக்களுக்கு வளர்த்த தாயிடம் பெரும்பாலும் விடை இராது. அவள் தரக்கூடியது தான் கண்ட வரலாறு மட்டுமே: எந்நாள், எந்நேரம், எத்தனை நிமிடம், எந்தக் கை முதலில் துடித்தது, எந்த வேளை மருந்து தவறியது. நாட்காட்டியின் ஓரத்தில் எழுதிவைக்கும் அச்சிறு குறிப்புகள் மருத்துவர்க்குப் பெருந்துணையாகும்.

பிள்ளை மறந்த நாட்களையும் அவளே நினைவில் வைத்திருக்கிறாள். பள்ளிக்குச் சென்ற முதல் நாளையும் திருவிழாவையும் கேட்கும்போதெல்லாம் சலியாது மீண்டும் சொல்கிறாள். சட்டம் கேட்டது மூன்று மாதப் பராமரிப்பு. இந்நோய் கேட்பதோ ஆண்டுகள் பல. அதனைக் கொடுத்தவளிடம் ‘எந்த வயிற்றுப் பிள்ளை’ என்று வினவும் உரிமை ஊருக்கு இல்லை.