உரிமத்தின் உடைமை: அமெரிக்கக் கல்லூரித் தன்னார்வ வானொலிகளின் வரலாற்றில் ஒரு வினா

முன்னுரை

அமெரிக்கக் கல்லூரி வானொலிகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அவை ஒலிபரப்பிய இசையையே முதன்மைப்படுத்துகின்றன. ஊதியம் பெறாத மாணவரும் ஊராரும் நடத்தும் நிலையம், பட்டம் பெற்று வெளியேறும் உழைப்பாளர்களை ஆண்டுதோறும் இழந்தும் எவ்வாறு நிலைபெறுகிறது என்னும் வினா அவற்றுள் பின்தங்கிவிடுகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டபிள்யூ.எம்.பி.ஆர். நிலையத்தை முதன்மைச் சான்றாகவும், ஹூஸ்டன், நாஷ்வில் நகரங்களின் நிலையங்களை ஒப்பீட்டுச் சான்றுகளாகவும் கொண்டு, அவ்வினாவிற்கான விடையை ஒலிபரப்பு உரிமத்தின் உடைமையில் தேடுகிறது இக்கட்டுரை.

மின்கம்பியிலிருந்து பண்பலைக்கு

1936இல் பிரவுன் பல்கலைக்கழக மாணவர்கள் விடுதி அறைகளைக் கம்பிகளால் இணைத்து ஒலிபரப்பத் தொடங்கினர். கட்டட மின்கம்பிகளின் வழியே வானொலி அலையைச் செலுத்தும் முறை இதிலிருந்து வளர்ந்தது. அலை வளாகத்திற்கு வெளியே பரவாமையின் அதற்கு உரிமம் தேவைப்படவில்லை. 1946இல் மாசசூசெட்ஸ் மாணவர்கள் டபிள்யூ.எம்.ஐ.டி. என்ற பெயரில் தொடங்கிய நிலையமும் இவ்வகையினதே.

கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1945இல் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பண்பலைப் பகுதியைக் கல்விக்கென ஒதுக்கியது. 1948இல் 10 வாட் நிலையங்களுக்கு எளிய உரிம வகுப்பு ஒன்றையும் ஏற்படுத்தியது. இவ்விரு முடிவுகளே குறைந்த செலவில் மாணவர்கள் பண்பலைக்குள் நுழைய வழிசெய்தன. டபிள்யூ.எம்.ஐ.டி. என்னும் எழுத்துகள் வட கரோலினா நிலையம் ஒன்றிற்கு உரியவை. ஆதலின், 1961இல் 88.1 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கத் தொடங்கிய மாணவர் நிலையம் டபிள்யூ.டி.பி.எஸ். என்றே அறியப்பட்டது.

எழுத்துகளின் விலை

1978இல் ஆணையம் 10 வாட் நிலையங்களுக்கு அளித்துவந்த பாதுகாப்பைக் குறைக்க முடிவு செய்தது. ஆற்றலை 100 வாட்டுக்கு உயர்த்தாத நிலையங்கள் தம் அலைவரிசையை இழக்க நேரலாம் என்ற நிலை உருவாயிற்று. இதே காலத்தில் அட்லாண்டா தொலைக்காட்சி உரிமையாளர் டெட் டர்னர் தம் நிறுவனப் பெயருக்குப் பொருந்தும் டபிள்யூ.டி.பி.எஸ். என்னும் எழுத்துகளை விரும்பினார். அழைப்பெழுத்துகளை நேரடியாக விற்க இயலாமையால், 50,000 டாலர் நன்கொடையாகவே அமைந்தது. 1979இல் எழுத்துகள் கைமாறின. மாணவர் நிலையம் புதிய ஒலிபரப்புக் கருவியைப் பெற்றது. நிலையம் இயங்கும் வாக்கர் நினைவுக் கட்டடத்தின் அடித்தளத்தைக் குறிக்கும் டபிள்யூ.எம்.பி.ஆர். என்பது புதுப்பெயராயிற்று. பெயரை விட்டுக்கொடுத்து அலைவரிசையைக் காத்த செயல் இது.

ஒப்பீடு

ஹூஸ்டன் ரைஸ் பல்கலைக்கழகத்தின் கே.டி.ஆர்.யு. நிலையமும் வணிக நிலையம் ஒன்றின் உதவியால் 1991இல் 50,000 வாட் ஆற்றலைப் பெற்றது. ஆனால் அதன் உரிமம் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. ஆற்றல் உயர்ந்தபோது உரிமத்தின் சந்தை மதிப்பும் உயர்ந்தது. மாணவர் எதிர்ப்பையும் மீறி, ஏறத்தாழ 95 இலட்சம் டாலருக்கு உரிமத்தை விற்கும் முடிவு 2010இல் அறிவிக்கப்பட்டது. மாணவர்கள் 2015இல் 96.1 மெகாஹெர்ட்ஸில் குறைந்த ஆற்றலுடனேயே பண்பலைக்குத் திரும்ப முடிந்தது.

உரிமம் பல்கலைக்கழகத்திடம் இல்லாதிருந்தாலே போதும் எனக் கொள்ளவும் இயலாது. நாஷ்வில் வாண்டர்பில்ட் மாணவர் வானொலியான டபிள்யூ.ஆர்.வி.யு.வின் உரிமம் தனித்த இலாபநோக்கற்ற அமைப்பிடமே இருந்தது. எனினும் நாளிதழ் உள்ளிட்ட பிற மாணவர் ஊடகங்களையும் நடத்திய அவ்வமைப்பு, அவற்றிற்கான நிதித்தொகுப்பை உருவாக்க உரிமத்தை 33.5 இலட்சம் டாலருக்கு விற்க 2011இல் உடன்பட்டது.

டபிள்யூ.எம்.பி.ஆர். உரிமமோ டெக்னாலஜி பிராட்காஸ்டிங் கார்ப்பரேஷன் என்னும் தனி அமைப்பிடம் உள்ளது. வானொலியை நடத்துவதே அதன் பணி. ஆகவே உரிமத்தை விற்றால் அவ்வமைப்பு தன் இருப்பிற்கான காரணத்தையே இழக்கும்.

முடிவுரை

மூன்று நிலையங்களிலும் தன்னார்வலர் உழைப்பிற்குக் குறைவில்லை. அவற்றின் முடிவுகள் வேறுபட்டதற்கு, உரிமத்தை வைத்திருந்தவர்க்கு வானொலி நோக்கமாக இருந்ததா, சொத்துகளுள் ஒன்றாக இருந்ததா என்பதே முதன்மைக் காரணம் எனலாம். உழைப்பு நிலையத்தை நாள்தோறும் இயக்குகிறது. அது தொடர்ந்து இயங்குமா என்பதை உரிமத்தின் உடைமை முடிவு செய்கிறது. சமுதாய வானொலிகளை ஆராய்வோர் நிகழ்ச்சிகளோடு உரிம ஆவணங்களையும் முதன்மைச் சான்றாகக் கொள்ளவேண்டும் என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படும்.