சத்தம் வராமல் அழுத குழந்தைகள்: தாய்ப்பாலும் தயமினும்

பால் கொடுக்கிற அம்மா எதைச் சாப்பிட்டாலும் அது அப்படியே பாலில் இறங்கிவிடும் என்று நம்ம வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. அவள் குளிர்ச்சியாகச் சாப்பிட்டால் பிள்ளைக்குச் சளி, கண்டதையும் தின்றால் பிள்ளைக்கு மாந்தம். இதற்கு நேர் எதிராக, "அம்மா எப்படி இருந்தாலும் தாய்ப்பாலில் எல்லாச் சத்தும் இருக்கும், கவலையே படாதீங்க" என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டுமே பாதி உண்மைதான். எந்தச் சத்து தாயின் சாப்பாட்டைப் பொறுத்துப் பாலில் ஏறி இறங்கும், எது அசையாமல் நிற்கும் என்பது யாரோ ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கண்டுபிடித்தது இல்லை. ஏராளமான பச்சிளங் குழந்தைகள் செத்த பிறகுதான் அதன் முதல் பாடம் கிடைத்தது. கொஞ்ச நாளாக இதைத் தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெரிபெரி என்ற நோயைப் பள்ளிக்கூடத்துப் பாடத்தில் எல்லாரும் படித்திருப்போம். வைட்டமின் பி1, அதாவது தயமின், குறைந்தால் வருவது. பெரியவர்களுக்குக் கால் மரத்துப்போகும், வீங்கும், நடை தளரும். ஆனால் கைக்குழந்தைக்கு வரும் பெரிபெரி வேறு மாதிரி. இரண்டு மூன்று மாதக் குழந்தை, பார்க்கக் கொழுகொழுவென்றுதான் இருக்கும். திடீரென்று பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், மூச்சு வாங்கும். குரல் கம்மிப்போகும். வாய் திறந்து, முகம் சிவந்து அழும், ஆனால் சத்தம் வராது. குரல்வளைக்குப் போகும் நரம்பு செயலிழப்பதால் அப்படி. பிறகு இதயம் தளர்ந்து, சில மணி நேரத்திலேயே கூட உயிர் போய்விடும். பால் கொடுத்த அம்மாவோ பெரும்பாலும் நன்றாகவே நடமாடிக்கொண்டிருப்பாள்.

இதை முதலில் தெளிவாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் ஜப்பானிய மருத்துவர் ஹிரோட்டா. பெரிபெரிக்கு அங்கே 'காக்கே' என்று பெயர். காக்கே உள்ள பெண்களின் பாலைக் குடிக்கும் குழந்தைகளுக்கு வரும் நோயைப் பற்றி 1898-ல் ஜெர்மன் மருத்துவ இதழில் எழுதினார். பாலை நிறுத்தி வேறு பால் கொடுத்தால் குழந்தை தேறுகிறது என்பதைக் கவனித்தார். அதிலிருந்து அவர் வந்த முடிவு: பாலில் நஞ்சு இருக்கிறது. சிகிச்சை பலித்தது, காரணம்தான் தப்பு. வைட்டமின் என்ற சொல்லே இல்லாத காலம், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்த 'நஞ்சு' எண்ணம் லேசில் போகவில்லை. 1944-ல், தயமினைச் செயற்கையாகவே தயாரிக்கத் தொடங்கி எட்டு வருஷம் ஆன பிறகும், ஹாங்காங் அனுபவத்தை வைத்து ஃபெஹிலி என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'தாய்ப்பால் நச்சு' என்ற பொருளில்தான் இருந்தது. குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் போய், உன் பால்தான் விஷம் என்று சொல்வது எப்படி இருந்திருக்கும்!

திருப்பம் மணிலாவில் வந்தது. அமெரிக்க ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸில் கைக்குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. ஊர் மக்கள் அந்த நோயை 'தாவோன்' என்றார்கள். அது பெரிபெரிதான் என்று அந்த ஊர் மருத்துவர்களே வாதாடினார்கள். 1912-ல் ஆண்ட்ரூஸ் என்ற மருத்துவர், பெரிபெரியில் குழந்தையை இழந்த தாய்மார்களின் பாலை நாய்க்குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். குட்டிகளும் நோயில் விழுந்தன. இது மட்டும் என்றால் நஞ்சு என்ற கட்சிக்குத்தான் பலம். ஆனால் அதே ஆண்டில் சேம்பர்லின், வெடர் என்ற இரண்டு ராணுவ மருத்துவர்கள் அரிசித் தவிட்டிலிருந்து எடுத்த சாற்றை நோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். தாயின் பாலை நிறுத்தவில்லை. குழந்தைகள் பிழைத்தன. பாலில் எதுவோ கூடுதலாக இல்லை, எதுவோ குறைகிறது என்பதற்கு இதைவிட எளிமையான நிரூபணம் வேண்டுமா? 'டிக்கி டிக்கி' என்று பெயர் பெற்ற அந்தத் தவிட்டுச் சாறு பல ஆண்டுகள் பிலிப்பைன்ஸ் குழந்தைகளைக் காப்பாற்றியது. வெடர் தூண்டிவிட்டு அந்தச் சாற்றில் வேலை தொடங்கிய ராபர்ட் வில்லியம்ஸ் என்ற வேதியியலாளர்தான் 1936-ல் தயமினைச் செயற்கையாக உருவாக்கினார்.

இந்த இடத்தில் நம்ம ஆட்கள் கதைக்குள் வருகிறார்கள். மலாயாவில் சீனத் தொழிலாளர்களுக்குப் பெரிபெரி வாரிக்கொண்டு போனபோது தமிழ்த் தொழிலாளர்களிடம் அது அரிதாகவே இருந்தது. பிராடன் என்ற மருத்துவர் 1907-ல் எழுதிய புத்தகத்தில் காரணத்தை அரிசியில் தேடினார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல். அதன் பின் ஃப்ரேசரும் ஸ்டாண்டனும் ஜாவாவிலிருந்து வந்த சாலைத் தொழிலாளர்களைப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் இன்னொரு பிரிவுக்குப் புழுங்கலும் கொடுத்து இதை உறுதி செய்தார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு மில்லில் எவ்வளவு தீட்டினாலும் முழுசாகப் போகாது. நம்ம பாட்டிகள் வைட்டமினுக்காக நெல் அவித்தார்கள் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். அவித்தால் அரிசி நொறுங்காது, புழு பிடிக்காது, சோறு உதிரியாக வரும். சத்து கொசுறு.

இதே சென்னை மாகாணத்தின் வடக்குப் பகுதியில், தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில், பச்சரிசிதான் வழக்கம். கையால் குத்தியவரை பிரச்சினை பெரிதாகத் தெரியவில்லை. ரைஸ் மில் வந்து வெள்ளை வெளேர் என்று தீட்டிக் கொடுக்க ஆரம்பித்ததும் அது பெரிபெரிப் பிரதேசம் ஆகிவிட்டது. குன்னூரில் மெக்காரிசன் 1918-ல் ஒரே அறையில் தொடங்கிய பெரிபெரி ஆய்வுதான் பிறகு ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது (இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் மூலம் அதுதான்). அங்கே இயக்குநராக இருந்த அய்க்ராய்டும், கிருஷ்ணன் என்ற ஆய்வாளரும் 1941-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நோயாளியைப் பார்க்காமல் இறப்புக் கணக்கைப் பார்த்தார்கள், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். பெரிபெரிப் பகுதியில் குழந்தைச் சாவு எந்த மாதத்தில் கூடுகிறது? பிறந்த உடனே அல்ல. இரண்டாம் மாதத்துக்கும் ஐந்தாம் மாதத்துக்கும் இடையில். பிறக்கும்போது கொண்டுவந்த கையிருப்பு தீர்ந்து, தாய்ப்பாலை மட்டுமே நம்பி இருக்கும் காலம் அது. நோய் என்று யாரும் பெயர்கூட எழுதாத சாவுகளை அந்தக் கணக்கு காட்டிக்கொடுத்தது.

சரி, அப்படியானால் தாய்க்கு எது கொடுத்தாலும் பாலில் வந்துவிடுமா? இல்லை. காம்பியாவில் கெனெபா என்ற கிராமத்தில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பால் கொடுக்கும் பெண்களுக்கு தினமும் நிறைய கலோரி உள்ள பிஸ்கட் கொடுத்துப் பார்த்தார்கள். பால் கூடவில்லை. பிறகு அதே நாட்டில் ஒரு வருஷம் தினமும் கூடுதலாக 714 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து கொடுத்தார்கள். பாலின் சுண்ணாம்பு அளவு மாறவில்லை. உடம்பு தாயின் எலும்பிலிருந்து எடுத்துப் பாலுக்குக் கொடுக்கும், பால் மறந்த பிறகு எலும்பை நிரப்பிக்கொள்ளும். இரும்பு, துத்தநாகமும் ஏறக்குறைய இப்படித்தான், தாய் விழுங்கும் மாத்திரை பாலை அசைக்காது. அந்த மாத்திரை அவளுக்காக. அதுவும் வேண்டியதுதானே.

தயமின், பி2, பி6, பி12, ஏ, டி, அயோடின் எல்லாம் மற்ற கட்சி. தாய் சாப்பிட்டால் பாலில் ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். தயமினை உடம்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சேமித்து வைக்காது, அதனால்தான் அது இவ்வளவு சீக்கிரம் காலை வாருகிறது. டி விஷயத்தில் அளவு முக்கியம். தாய் தினம் 400 யூனிட் சாப்பிட்டால் பாலில் சொல்லும்படி ஏறாது. 2015-ல் வந்த அமெரிக்க ஆய்வில் 6400 யூனிட் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகள்தான், நேரடியாகச் சொட்டு மருந்து குடித்த குழந்தைகளுக்குச் சமமாக இருந்தார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் தானாக 6400 வாங்கிச் சாப்பிடாதீங்க, மருத்துவரைக் கேளுங்க.) பாலில் ஏறினால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. பிரசவமான தாய்க்குப் பெரிய அளவில் வைட்டமின் ஏ கொடுத்தால் பாலில் அது கூடுகிறது, ஆனால் குழந்தைச் சாவு குறையவில்லை என்று பார்த்து, 2011-ல் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பரிந்துரையைக் கைவிட்டது.

பெரிபெரி மட்டும் பழங்கதை ஆகவில்லை. 1980-களின் கடைசியில் தாய்லாந்து எல்லையில் கரேன் அகதிகள் முகாம் ஒன்றில் குழந்தைச் சாவுகளில் சுமார் 40 சதவீதம் பெரிபெரியால் நடந்தது. தீட்டிய அரிசி ரேஷன்தான் அங்கே முக்கிய உணவு. கம்போடியாவில் சில வருஷங்களுக்கு முன் பால் கொடுக்கும் தாய்மார்களைப் பிரித்து, 1.2, 2.4, 10 மில்லிகிராம் தயமினும் வெற்று மாத்திரையும் கொடுத்துச் சோதித்தார்கள். வெறும் 1.2 மில்லிகிராமே பாலின் தயமினை உயர்த்தியது.

ஹைதராபாத் மருத்துவர்கள் அண்மை ஆண்டுகளில் எழுதியதைப் படித்தபோது குன்னூர்க் கட்டுரைதான் ஞாபகம் வந்தது. நுரையீரல் ரத்த அழுத்தம் எகிறி, மூச்சுத் திணறி வந்த சில மாதக் குழந்தைகள். தயமின் ஊசி போட்டதும் வேகமாகத் தேறினார்கள். தாய்மார்களின் உணவு தீட்டிய அரிசிச் சோறு, அதோடு பிரசவத்துக்குப் பிறகான பத்தியம். காய், பருப்பு, கீரை என்று ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லிக் கொடுத்த சாப்பாடு அது. ஹிரோட்டா காலத்தில் என்றால் முதலில் பாலை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். இப்போது குழந்தைக்கு ஊசி போட்டு, அம்மாவுக்கு மாத்திரை கொடுத்து, பாலைத் தொடரச் சொல்கிறார்கள்.