குத்துச்சண்டையில் வலிமைப் பயிற்சி: உடல் எடையும் இரும்பு எடையும்

குத்துச்சண்டை வீரர்கள் வலிமைக்காகச் செய்யும் பயிற்சிகள் இரு வகைப்படும். தண்டால், பஸ்கி, புல்-அப், டிப்ஸ் போலத் தன் உடலையே சுமையாக்கிக்கொள்வது ஒன்று. பார்பெல், டம்பெல், கெட்டில்பெல் முதலிய புறச்சுமைகளைத் தூக்குவது மற்றொன்று. குத்துக்கு உரம் சேர்ப்பது இவற்றுள் எது என்ற வழக்கு நூறாண்டைக் கடந்தும் முடியவில்லை. இந்தப் பயிற்சியாளர் சொல்வதா, அந்தப் பயிற்சியாளர் சொல்வதா என்றே அது நடந்துவருவதால் தீர்வும் கிட்டுவதில்லை. உடலின் எந்தப் பகுதிக்கு எது என்று கேட்டால் விடை தெளிவாகிறது: கைக்கும் தோளுக்கும் உடல் எடை நெடுங்காலம் போதும், காலுக்கும் இடுப்புக்கும் அது வெகு விரைவில் போதாமல் போகும்.

குத்து பிறக்கும் இடம்

பார்ப்பவர் கண்ணில் படுவது கை. விசை புறப்படுவதோ பின்கால் தரையை உந்தும் இடத்தில். அது இடுப்பின் திருகலாகி, தோள் வழியே முஷ்டிக்கு வந்து சேர்கிறது. சோவியத் ஆய்வாளர் ஃபிலிமனோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 120 வீரர்களை ஆராய்ந்து 1985இல் வெளியிட்ட கணக்கு இதற்குச் சான்று. தேர்ந்த வீரர்களின் குத்தில் காலின் பங்கு 38.46 விழுக்காடு, உடல் திருகலின் பங்கு 37.42, கை நீட்டலின் பங்கு 24.12. தொடக்க நிலையினரிடம் காலின் பங்கு 16.51 ஆகச் சுருங்கி, கையின் பங்கு 37.99 ஆக ஏறிவிடுகிறது. குத்துச்சண்டை கற்பதில் பெரும்பகுதி, குத்தின் வேலையைக் கையிடமிருந்து காலிடம் ஒப்படைப்பதுதான்.

அதே 1985இல் பிரிட்டிஷ் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புரூனோவின் குத்தை அளந்த கட்டுரை ஒன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. புறப்பட்ட 0.1 நொடிக்குள் அவர் முஷ்டி 0.49 மீட்டர் கடந்து, நொடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் இலக்கில் மோதியது. உச்ச விசை 4,096 நியூட்டன். 2000இல் வெளியான மற்றோர் ஆய்வில், பின்கைக் குத்தின் உச்ச விசை தேர்ந்த வீரர்களுக்கு 4,800 நியூட்டன், இடைநிலையினருக்கு 3,722, புதியவர்களுக்கு 2,381 எனப் பதிவானது.

இந்த எண்களில் வலிமைப் பயிற்சிக்கு மிக முக்கியமானது அந்த 0.1 நொடி. ஒரு தசை தன் முழு விசையை எட்ட ஏறத்தாழ 0.3 நொடியோ அதற்கு மேலோ வேண்டும். குத்து அவ்வளவு காத்திராது. ஆகவே ஒருவர் எத்தனை கிலோ தூக்குகிறார் என்பதோடு, இருக்கும் வலிமையில் எவ்வளவு பங்கை அந்தக் கணத்துக்குள் வெளிக்கொணர்கிறார் என்பதும் சேர்ந்தே குத்தைத் தீர்மானிக்கிறது. கனடிய ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில்லின் குழு 2010இல் கலப்புத் தற்காப்புக் கலை வீரர்களிடம் கண்டது இன்னொரு நுட்பம். அடி புறப்படும்போது தசைகள் ஒருமுறை இறுகுகின்றன, நடுவழியில் தளர்கின்றன, மோதும் கணத்தில் மறுபடி இறுகுகின்றன. நடுவில் தளரத் தெரியாத தசை, எவ்வளவு வலிமையானாலும், குத்தின் வேகத்தைத் தானே தடுக்கும்.

உடல் எடைப் பயிற்சியின் வலுவும் எல்லையும்

தண்டாலில் மேல்நிலையில் உடல் எடையின் சுமார் 69 விழுக்காட்டையும், கீழ்நிலையில் சுமார் 75 விழுக்காட்டையும் கைகள் தாங்குகின்றன. 60 கிலோ வீரருக்கு இது 41 முதல் 45 கிலோ. சிறிய சுமை அல்ல. பென்ச் பிரஸ்ஸுக்கு இல்லாத ஒரு நன்மையும் தண்டாலுக்கு உண்டு. பென்ச்சில் படுத்தால் தோள்பட்டை எலும்புகள் பலகையில் அழுந்தி நின்றுவிடும். தண்டாலில் அவை விலாக்கூட்டின்மேல் தடையின்றி நகரும். முன்னால் நிற்கும் கையால் நேராக விடும் ஜாப் குத்தின் கடைசி சில அங்குலங்களை நீட்டித் தருவது, விலாவை ஒட்டியிருந்து தோள்பட்டையை முன்னுக்கு இழுக்கும் தசையே. தண்டாலின் உச்சியில் முதுகைச் சற்றே மேலே தள்ளி முடிப்பவருக்கு அந்தத் தசை நன்கு பழகும். முஷ்டியை ஊன்றிச் செய்தால் மணிக்கட்டு குத்தின் நேர்கோட்டில் நிற்கவும் பழகுகிறது.

புல்-அப், குத்திய கையை மீட்டுக்கொண்டுவரும் முதுகுத் தசைகளுக்கானது. 90 கிலோ எடையுள்ளவருக்கு அதுவே கடுமையான எடைத்தூக்கல்தான்.

எல்லை வருவது சுமை ஏறாமல் நிற்கும்போது. 20 தண்டால் எடுக்கிறவர் 60 எடுக்கும் நிலைக்கு வந்தால் அவர் வளர்த்தது பெரும்பாலும் தாங்குதிறனை. உச்ச வலிமை அந்த அளவுக்கு வளர்ந்திராது. தாங்குதிறனும் வேண்டியதே. ஆண்களுக்கான தொழில்முறை உலகப் பட்டப் போட்டியில் 12 சுற்றுகள், சுற்றுக்கு 3 நிமிடம் கையை முகத்துக்கு முன் உயர்த்தி வைத்திருக்க வேண்டும். ஆனால் தாங்குதிறனை வலிமை என்று எண்ணிக்கொள்வது இந்த விளையாட்டில் மிகப் பரவலான பிழை. கைத்தட்டல் தண்டால், காலை உயரத்தில் வைத்த தண்டால், வளையங்களில் டிப்ஸ் என மேலுடலுக்கு இந்த எல்லையைத் தள்ளிவைக்கப் பல வழிகள் உண்டு. காலுக்கு அவ்வளவு வழியில்லை. நடக்கும்போதும் படியேறும்போதும் நாள் முழுக்க உடலைச் சுமக்கும் கால், நூறு பஸ்கிகளைச் சில வாரங்களில் பழகிக்கொள்கிறது. ஒற்றைக்கால் பஸ்கியும் தாவல்களும் சற்றுத் தூரம் கொண்டுசெல்லும். அதன்பிறகு சுமை வேண்டும்.

கர்லாக்கட்டை இந்த இரு வகைகளுக்கும் இடைப்பட்டது. இந்தியாவில் அதைக் கண்ட பிரிட்டிஷ் ராணுவத்தினர் வழியாக 19ஆம் நூற்றாண்டில் அது இங்கிலாந்துக்கும் அங்கிருந்து அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களுக்கும் பரவியது. 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுழற்றல் ஒரு பந்தயமாகவே இருந்தது. தோள்மூட்டை எல்லாத் திசையிலும் சுற்றிப் பழக்குவதில் அதற்கு நிகர் குறைவு. குத்துச்சண்டைக் கூடங்களில் அது அருகிப்போனது இழப்பே.

இரும்பின் மீதான அச்சம்

எடை தூக்கினால் தசை இறுகி, கை மந்தமாகும் என்பது பழைய பயிற்சியாளர்களின் உறுதியான நம்பிக்கை. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் உடலியல் பேராசிரியராக இருந்த பீட்டர் கார்போவிச்சும் அப்படித்தான் நம்பினார். 1940இல் எடைத்தூக்கலைப் பரப்பிவந்த பாப் ஹாஃப்மன் அங்கே அழைத்துவந்த எடைத்தூக்கும் வீரர் ஜான் கிரிமெக்கிடம், உங்களால் முதுகைச் சொறிந்துகொள்ள முடியுமா என்று அவர் கேட்டார். கிரிமெக் சொறிந்தும் காட்டினார், கால்களை இருபுறமும் விரித்துத் தரையில் அமர்ந்தும் காட்டினார். கார்போவிச் தம் கருத்தைச் சோதனைக்கு உட்படுத்தினார். அவரும் உடன் ஆய்வாளர் சோர்பஸும் 1951இல் வெளியிட்ட ஆய்வில், எடை தூக்குவோர் 300 பேர் தூக்காத 300 பேரைவிட வேகமாகக் கைப்பிடியைச் சுழற்றினர்.

ஆயினும் குத்துச்சண்டைக் கூடங்கள் அசையவில்லை. முகமது அலி எடை தூக்கிப் பழகியவர் அல்லர். 1972இல் பென்சில்வேனியாவின் டியர் லேக்கில் அமைத்த முகாமில் அவர் மரம் வெட்டினார். அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பு, சுமார் 75 கிலோ எடையோடு 1897இல் ஹெவிவெயிட் பட்டத்தை வென்ற பாப் ஃபிட்ஸிம்மன்ஸ் நியூசிலாந்தில் கொல்லுப்பட்டறையில் சம்மட்டி அடித்து வளர்ந்தவர். கோடரியும் சம்மட்டியும் புறச்சுமைகளே. பழைய வீரர்கள் உடல் எடையை மட்டுமே நம்பி வென்றார்கள் என்ற பேச்சு ஆகவே சரியல்ல. அவர்கள் ஒதுக்கியது பார்பெல் ஒன்றைத்தான்.

அந்த அச்சத்துக்கு நியாயமான ஒரு காரணம் உண்டு: உடல் எடை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 57 கிலோ பிரிவுக்கு அடுத்தது 63.5 கிலோ. 57இல் மோதுகிறவர் பயனற்ற 2 கிலோ தசையைச் சேர்த்தால், அதைப் பட்டினி கிடந்து குறைக்க வேண்டும் அல்லது தன்னைவிடப் பெரியவர்களோடு மோத வேண்டும். எடை வரம்பில்லாத ஹெவிவெயிட்டிலும் தசைக்கு விலை உண்டு. ஆன்டனி ஜோஷுவா 2019 ஜூனில் சுமார் 112 கிலோவோடு வந்து ஆண்டி ரூயிஸிடம் தோற்றார். அதே டிசம்பரில் சுமார் 108 கிலோவாகக் குறைத்து, 12 சுற்றும் நகர்ந்துகொண்டே ஆடிப் புள்ளிகளில் வென்றார்.

ஸ்பிங்க்ஸ், டைசன், ஹோலிஃபீல்ட்

எடைத்தூக்கலுக்குக் கதவு திறந்தது 1985 செப்டம்பர் 21 அன்று. லைட் ஹெவிவெயிட் வீரரான மைக்கேல் ஸ்பிங்க்ஸ் 79.4 கிலோ வரம்பிலிருந்து சுமார் 90 கிலோவுக்கு ஏறிவந்து, 48 போட்டிகளில் தோல்வியே காணாத லாரி ஹோம்ஸைப் புள்ளிகளில் வென்றார். அவரைத் தயார்செய்த மேக்கி ஷில்ஸ்டோன் நெடுந்தூர ஓட்டத்தைக் குறைத்து, விட்டுவிட்டு ஓடும் வேக ஓட்டங்களையும் எடைப் பயிற்சியையும் புகுத்தியிருந்தார். குத்துச்சண்டை உலகம் அதைப் பித்து என்றே பார்த்தது.

1988 ஜூனில் அதே ஸ்பிங்க்ஸை மைக் டைசன் 91 நொடிகளில் வீழ்த்தினார். பயிற்சியாளர் கஸ் டமாட்டோவின் காட்ஸ்கில் கூடத்தில் உருவான டைசனின் பயிற்சி பெரும்பாலும் பஸ்கி, தண்டால், டிப்ஸ், சிட்-அப், கழுத்தூன்றிப் பயிற்சி என்றே அமைந்தது. இதைக் காட்டி இரும்பு தோற்றது என்றவர்கள் உண்டு. ஆனால் எட்டு முறை மிஸ்டர் ஒலிம்பியா வென்ற லீ ஹேனியிடமும் உடற்பயிற்சியாளர் டிம் ஹால்மார்க்கிடமும் பயின்று, 86 கிலோ பிரிவிலிருந்து 94 கிலோவுக்கு வளர்ந்த இவாண்டர் ஹோலிஃபீல்ட், 1990 அக்டோபரில் பஸ்டர் டக்ளஸை மூன்றாம் சுற்றில் வீழ்த்திச் சாம்பியனானார். 1996 நவம்பரில் டைசனை 11ஆம் சுற்றில் நிறுத்தினார். இந்த மூவரின் முடிவுகளை வைத்துப் பயிற்சி முறைக்குத் தீர்ப்பெழுத முடியாது. தெரியவருவது இவ்வளவே: இயல்பிலேயே பேருடல் கொண்ட டைசனுக்கு இரும்பின் தேவை குறைவு, மேல் பிரிவுக்கு ஏற வேண்டியிருந்த மற்ற இருவருக்கும் அது இன்றியமையாததாக இருந்தது.

எடையைக் கையாளும் முறை

குத்துச்சண்டை வீரருக்கு உகந்தது ஆணழகன் போட்டிக்கான பயிற்சி அல்ல. ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்றவற்றில் உச்சத் தூக்கலின் 85 விழுக்காட்டை ஒட்டிய சுமையை 3 முதல் 5 முறை தூக்கி, நன்றாக ஓய்ந்து, மறுபடி தூக்குவதே ஏற்றது. இதில் வலிமை கூடுவது பெரும்பாலும் நரம்புகள் அதிகத் தசையிழைகளை ஒரே நேரத்தில் எழுப்பக் கற்பதால். தசை பெரிதாகப் பருப்பதில்லை, எடைப்பிரிவும் காக்கப்படும். அந்த வலிமையை வேகமாக மாற்றத் தாவல்களும், மெடிசின் பந்தை இடுப்பைத் திருகிச் சுவரில் எறிவதும் துணை.

டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு காற்றில் குத்தும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. குத்து முன்னோக்கிப் போகிறது; டம்பெல்லின் எடையோ கையைக் கீழ்நோக்கி இழுக்கிறது. களைப்பது தோள், குத்துக்கு எதிரான தடை ஏதும் இல்லை.

ஓட்டத்தோடு எடையைச் சேர்ப்பதிலும் கவனம் தேவை. ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் 1980இல் நடத்திய 10 வாரச் சோதனையில், கடும் தாங்குதிறன் பயிற்சியையும் எடைப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களின் வலிமை ஏழாவது வாரத்தை ஒட்டி வளர்வது நின்று, பின் சரிந்தது. காலையில் நெடுந்தூரம் ஓடி, மாலையில் கூடத்தில் சுற்றுகள் ஆடும் வீரருக்கு வாரம் இரண்டு எடை நாட்கள் போதும். போட்டி அறிவிக்கப்படாத மாதங்களில் வலிமையைக் கட்டி, போட்டி நெருங்கும்போது தூக்கும் எண்ணிக்கையைக் குறைத்து, கடைசி வாரத்தில் பார்பெல்லை அறவே விட்டு, தண்டாலும் கயிறு தாண்டலும் நிழல் குத்தும் மட்டும் வைத்துக்கொள்வது நடைமுறை.

கழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். தலையை ஊன்றிச் செய்யும் பழைய பயிற்சி கழுத்து முள்ளெலும்புகளை வளைந்த நிலையில் அழுத்துவதால் இளையோருக்கு ஏற்றதன்று. உள்ளங்கையால் நெற்றியிலும் பக்கங்களிலும் தடை கொடுத்து, தலை அசையாமல் எதிர்த்துத் தள்ளுவது பாதுகாப்பானது. அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.